கதைக்காக நான் போட்ட சலவைக்குறி

நடக்கப்போவதை முன்கூட்டியே அறிகிற ஒருத்தியை நம்பும்படி எழுதுவது எப்படி என்று எழுத வரும் பிள்ளைகள் என்னிடம் அவ்வப்போது கேட்பதுண்டு. "வேறு ஏதாவது கேளுங்கள்" என்று சிடுசிடுத்து அனுப்பிவிடுவேன். கிழவனுக்குத் தலைக்கனம் என்று வெளியே போய்ப் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். தலைக்கனமெல்லாம் ஒன்றுமில்லை, பயம். அந்த வித்தை ஒரே ஒருமுறை எனக்கு நன்றாகவே கைவந்தது, அதனால் வந்த பயம்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாட்டுக் கொட்டகைகளுக்கு எதிரே இருந்த அச்சுக்கூடத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பத்திரிகை சனிக்கிழமைதோறும் வரும். அதில் தொடர்கதை எழுதச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டதும் எதிர்காலம் தெரிந்துவிடும் ஒரு பெண்ணைக் கதாநாயகி ஆக்கினேன். கப்பல் கவிழ்வது, ராஜா சாவது, புதையல் இருக்கும் இடம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூன்று வாரம் போயிற்று, ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தவர் எங்கள் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோப்பவர் ஒருவர்தான்.

"எல்லாம் தெரிஞ்சவளுக்கு என்னய்யா பயம்? அவளுக்கே பயம் இல்லைன்னா படிக்கிறவனுக்கு எங்கேருந்து வரும்? பேசாம மிச்சக் கதையையும் அவளையே எழுதச் சொல்லிடு, உனக்கும் கை வலி மிச்சம்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் அந்த மனிதரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்தது, அதனால் கோபம் இன்னும் கூடிற்று.

அந்த வாரம் வெளுத்த சட்டைகளை வாங்க ஓடைக்கரைக்குப் போனேன். அங்கே எனக்குத் துணி துவைத்துத் தரும் பெண்ணை அக்கா என்று கூப்பிடுவேன். நாற்பது வயதிருக்கும், சொரசொரப்பான கை, அதைவிடச் சொரசொரப்பான பேச்சு. கல்லில் உட்கார்ந்து என் கதைச் சங்கடத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இதுக்கு மந்திரம் வேற வேணுமா தம்பி? துணிக்குத் தெரியாத சங்கதி ஏது? நெஞ்சுச் சளிக்காரன் பனியனை மோந்தாலே எனக்குத் தெரியும். எந்த வீட்டுல புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கலைன்னு போர்வை சொல்லிடும், ஒண்ணு வர்ற இடத்துல ரெண்டு வரும்."

மூட்டைகள் கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் துவைத்தாலும் போகாத சேராங்கொட்டை மையால், கழுத்துப்பட்டியிலோ ஓரத்திலோ அவள் போடும் குறிகளையும் காட்டினாள். கோடு, புள்ளி, சூலம், ஏணி என்று விதவிதமாக இருந்தன. எழுத்து தெரியாதவளுக்கு அந்த ஊரே அந்தக் குறிகளில் இருந்தது.

நான்காம் வாரத்தில் என் கதாநாயகி சலவைக்காரி ஆனாள். ராஜாவையும் புதையலையும் தூக்கிப் போட்டேன். உடுத்திக் களைந்த துணியைத் தொட்டால் மட்டும், நோயும் சாவும் மட்டும், அவளுக்குத் தெரியும். யாருக்கு என்று தெரியாது. தெரியும்போதெல்லாம் கை மரத்துப்போய் ஒரு நாள் முழுக்கச் சோற்றை அள்ள முடியாது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு இன்னொன்றும் சேர்த்தேன்: கண்டதை வாய்விட்டுச் சொன்னால் அது உடனே நடந்துவிடும், சொல்லாமல் அடக்கினால் தள்ளிப்போகும். அதற்கு நடுநடுவே அக்கா சொன்ன பனியனையும் போர்வையையும் அப்படியே வைத்தேன். நிஜத்தை முன்னால் நாலு அடி நடக்கவிட்டால் பொய் பின்னாலேயே வந்துவிடும் என்று கண்டுபிடித்துவிட்ட கர்வம் எனக்கு.

எட்டாம் வாரம் கதையில் ஒரு வீட்டுக்குச் சாவு வர வேண்டும். வீட்டுக்காரர் பெயர் எதற்கு, குறி போதும் என்று தோன்றியது. ஒரு வட்டம், அதன் கீழே இரண்டு கால். "இப்படி ஒரு குறி உண்டா அக்கா?" என்று கேட்டேன். "என்கிட்ட இல்ல" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. இந்தச் சிங்கப்பூரில் அவள் ஒருத்திதான் துணி துவைக்கிறாளா? அந்தப் புத்தி அன்றைக்கு வேலை செய்யவில்லை.

வட்டமும் இரண்டு காலும் போட்ட சேலையைத் தொட்டதும் அவள் கை மரத்தது, வரும் அமாவாசைக்குள் அந்த வீட்டில் ஓர் உயிர் போகும் என்று எழுதி அந்த வாரத்தை முடித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் அதை உரக்கப் படிக்க, வேலை முடிந்து வந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் நின்றேன். படித்து முடித்ததும் ஓர் ஆள் மெதுவாகத் தன் சட்டைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

செவ்வாய்க்கிழமை காலையில் டிராம் கண்டக்டர் ஒருவர் உடுப்போடு அச்சுக்கூடத்துக்கு வந்தார். கதை எழுதியவர் யார் என்று கேட்டார். நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் பொத்தானைக் கழற்றிக் கழுத்துப்பட்டியைத் திருப்பிக் காட்டினார். வட்டம். கீழே இரண்டு கால்.

"என் பொண்டாட்டிக்கு இது எட்டாம் மாசம் ஐயா. வாராவாரம் நான்தான் அவளுக்குப் படிச்சுக் காட்டுவேன். சனிக்கிழமையிலேருந்து பேச்சு இல்ல, ஒரு வாய்க் கஞ்சி இறங்கல. சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கா. நாளன்னிக்கு அமாவாசை. போறது அவளா, குழந்தையா? அதை மட்டும் சொல்லிடுங்க."

அத்தனையும் கட்டுக்கதை, அந்தக் குறி நானே கிறுக்கியது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

"என் தம்பி நெஞ்சுச் சளியில போனான். அவன் பனியன் நீங்க எழுதின மாதிரியேதான் நாறிச்சு. அது நெசம், இது மட்டும் பொய்யா?" என்று கேட்டார் அவர்.

கை மரத்தது தப்பு என்று அடுத்த வாரமே எழுதிவிடுகிறேன் என்றேன். "சனிக்கிழமைக்குள்ள அமாவாசை போயிடுமே ஐயா" என்றார். எழுத்துக் கோப்பவர் கையிலிருந்த ஈய எழுத்துகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கண்டக்டரைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கு ஓடினேன். நடந்ததைக் கேட்டதும் அக்கா நின்ற இடத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "அறிவு இருக்கா உனக்கு? புள்ளத்தாச்சி உசுருல விளையாடவா உனக்கு நான் கதை சொன்னேன்?" திட்டட்டும் என்று நின்றேன். கண்டக்டர் மனைவியின் சேலையைத் தொட்டு, எல்லாம் நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் எழுந்து சாப்பிட்டுவிடுவாள் என்று கெஞ்சினேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்த வீட்டில் ஒரே அறை. பாயில் சுருண்டிருந்த பெண் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் களைந்து போட்டிருந்த சேலையை அக்கா எடுத்தாள். ஒரு நடிப்புக்காக அதை முகத்தருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகம் மாறியது. நான் எழுதிய கதை என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

"ஆம்பளைங்க வெளியே போங்க" என்றாள். கதவுக்கு வெளியே நின்ற எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"எத்தனை நாளா?"

பாயிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "மூணு நாளா. தண்ணி போய்க்கிட்டே இருக்குக்கா."

"அடிப் பாவி மகளே! புருஷன்கிட்ட ஏன்டி சொல்லல?"

"வாய்விட்டுச் சொன்னா உடனே நடந்துடுமாம்க்கா. அடக்கிக்கிட்டா தள்ளிப்போகுமாம். அமாவாசை தாண்டட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

கண்டக்டர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் அமாவாசைக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அக்கா வெளியே வந்தாள். "வாடை நல்லால்ல. உடம்பு கொதிக்குது. வண்டி கூப்பிடுங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்." குதிரை வண்டிக்காக நான் சாலையில் ஓடிய ஓட்டம் இன்றைக்கும் கனவில் வருகிறது. வண்டியில் அக்காவின் மடியில் அந்தப் பெண் படுத்திருந்தாள். உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். வலி வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. கத்தம்மா, நன்றாகக் கத்து என்று நான் அழுதேன். கேட்டால்தானே?

ஆஸ்பத்திரி வாசலில் மறுநாள் மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். ஆண் குழந்தை பிறந்தது, மூச்சு விடவில்லை. தாய் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தாள்.

தொடர்கதையை அங்கேயே நிறுத்தினேன். பத்திரிகைக்காரர் குதித்தார், குதித்துவிட்டுப் போகட்டும். கண்டக்டர் வந்து என்னை அடிப்பார் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஒரு மாதம் கழித்து அவரும் மனைவியும் அச்சுக்கூடத்துக்கு வந்தார்கள். அவள் பாதியாக இளைத்திருந்தாள். அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நீங்க எழுதினது அப்படியே நடந்துடுச்சு ஐயா. பொய்னு நீங்க சத்தியம் பண்ணப்ப ஒரு நிமிஷம் நம்பிட்டேன். நான்தான் முட்டாள்."

"ஐயோ, அப்படி இல்லை" என்று பதறினேன். என் கதைதான் இவள் வாயைக் கட்டிப்போட்டது, முதல் நாளே சொல்லியிருந்தால் ஒருவேளை குழந்தை பிழைத்திருக்கும், கொன்றவன் நான் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நடக்கப்போவது தெரிந்தவர்கள் அப்படித்தான் மறைப்பார்கள் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

அவர் மனைவி என் பக்கம் குனிந்தாள்.

"அடுத்தது தங்குமாங்கய்யா?"

தெரியாது என்பதுதான் உண்மை. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தங்கும்மா" என்றேன். அவள் அப்படியே நம்பிவிட்டாள்.