சுல்தான் அடைகாத்த மாதம்

ஜமீலா அக்கா, உன் சுல்தானைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நீ இருந்திருந்தால், "ஏண்டி, எழுதுறதுக்கு வேற சோலியே கெடைக்கலையா ஒனக்கு?" என்று கேட்டிருப்பாய். கேட்டுவிட்டு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்துப் படித்தும் இருப்பாய். நீ போனதிலிருந்து வீட்டில் எல்லோரும் உன் கடைசிக் காய்ச்சலைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அது வேண்டாம். நீ கிளிக்கூண்டோடு பஸ்ஸை விட்டு இறங்கினாயே, எனக்கு அந்த அக்காதான் வேண்டும். அவளைப் பற்றித்தான் இனி எல்லோருக்கும் சொல்லப் போகிறேன்.

அப்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். பெருமாள்மலையில் பஸ் நிற்கிற முக்கில் எங்கள் அத்தாவின் மளிகைக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அக்காவை வத்தலக்குண்டில் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்தாள். ஒரு கை வயிற்றில், ஒரு கையில் கூண்டு. கூண்டைச் சுற்றி மச்சானின் மப்ளர். மலைக்குளிர் கிளிக்குச் சேராது என்று பாதி வழியில் தன் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாராம். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுங்கியபடி பின்னால் வந்தார்.

அத்தா கடையில் இருந்தே கேட்டார்: "ஏம்மா, ஒனக்குத் தொணையா கிளி வந்துருக்கா, கிளிக்குத் தொணையா நீ வந்துருக்கியா?"

"அங்க விட்டா பூனை தின்னுரும் அத்தா."

அந்தக் கிளிக்கு சுல்தான் என்று பெயர். பெரும்பாறைப் பக்கம் காட்டில் தேன் எடுக்கிற ஒருவரிடம் குஞ்சாக இருக்கும்போது மச்சான் வாங்கியது. ஆண் கிளிதான், வயசு வந்தால் கழுத்தில் வளையம் விழும், வளையம் விழுந்தால் பேச்சு வரும் என்று விற்றவர் சொன்னாராம். வளையமும் விழவில்லை, பேச்சும் வரவில்லை. அக்கா தினமும் கூண்டின் முன்னால் உட்கார்ந்து, "ஸலாம் சொல்லு சுல்தான், ஸலாம் சொல்லு" என்று கெஞ்சுவாள். அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவளைப் பார்க்கும். மிளகாயை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

"அது சுல்தான். குடிமக்ககிட்ட எதுக்குப் பேசணும்?" என்பார் அத்தா.

மலைக்கு வந்த கொஞ்ச நாளில் சுல்தானின் குணம் மாறியது. பொட்டலம் மடிக்க அத்தா வைத்திருந்த பழைய பேப்பரைக் கூண்டுக்குள் இழுத்து நீளநீளமாகக் கிழித்தது. கூண்டின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு, கையை நீட்டினால் கொத்த வந்தது. அத்தா அதற்கு மலைக்காற்று ஆகவில்லை என்றார்.

அக்காவைப் பார்க்க மருத்துவச்சி வருவாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவை, நானும்தான். வாயில் வெற்றிலை இல்லாமல் அவளை யாரும் பார்த்திருக்க முடியாது. ஒருநாள் அக்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, தலை கீழ எறங்கிருச்சு" என்று சொல்லிக் கை கழுவியவள், கூண்டுப் பக்கம் திரும்பினாள்.

"இது யாருடி, மூலையில கெடக்கு?"

"சுல்தான்" என்றேன் பெருமையாக.

"சுல்தானா? அடி கிறுக்கி! கழுத்துல வளையம் இருக்கா பாரு. வயித்தைப் பாரு. பொட்டடி இது! இதுவும் பிள்ளத்தாச்சிதேன். ஒங்க அக்காளுக்கு முந்தி இது போட்டுரும்."

கடையிலிருந்து அத்தாவின் குரல் வந்தது. "சோடி இல்லாம எப்படிம்மா போடும்?"

"எங்க வீட்டுப் பெட்டக்கோழி சேவலைக் கண்டு வருசமாச்சு ராவுத்தரே. அது பாட்டுக்குப் போட்டுக்கிட்டுத்தான இருக்கு? போடும். பொரிக்காது, அம்புட்டுதேன்."

அத்தா கடையை விட்டு எழுந்து வந்து கூண்டைக் குனிந்து பார்த்தார். பிறகு, "அப்ப இம்புட்டு நாளா ஒரு பொம்பளையவா சுல்தான் சுல்தான்னு கூப்பிட்டோம்?" என்றார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதீங்க அத்தா, இடுப்பு விட்டுப் போகுது."

ஆக, எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைத்தாச்சிகள். பெரியவளை அம்மா பார்த்துக்கொண்டாள். சின்னவளை நான் எடுத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு என்னென்ன சொன்னார்களோ அத்தனையும் சுல்தானுக்கும் செய்தேன். பப்பாளி கூடாது என்றார்கள்; கிளிக்கும் நிறுத்தினேன். மகுரிபு நேரத்தில் வெளியே நிற்கக் கூடாது என்றார்கள். இருட்டுக் கட்டுவதற்குள் கூண்டை வீட்டுக்குள் கொண்டு வந்தேன். நடந்தால்தான் சுகப்பிரசவம் என்று அம்மா சொன்னதைக் கேட்டு, சுல்தானைத் தரையில் இறக்கிப் பின்னாலேயே விரட்டினேன். அது நாலு அடி நடந்து திரும்பி என் கால் விரலைக் கடித்தது. அக்காவுக்குக் கண்ணாடி வளையல் போட்ட அன்று, எனக்குக் கிடைத்த வளையலில் ஒன்றைக் கூண்டுக்குள் கட்டினேன். அது அதில் ஏறி உட்கார்ந்து ஊஞ்சல் ஆடியது. கண் பட்டிருக்கும் என்று ஒருநாள் மிளகாய் எடுத்து அதைச் சுற்றினேன். அடுப்பில் போடுவதற்குள் எட்டிப் பிடுங்கித் தின்றுவிட்டது.

மருத்துவச்சி சொன்னபடி முட்டை ஓட்டை இடித்தும் போட்டேன். பக்கத்து டீக்கடையில் ஆம்லேட் போட்ட ஓடுகளையெல்லாம் பொறுக்கி வருவேன். "ஏம் பாப்பா, முட்டையை நாங்க திங்கிறோம், ஓட்டை ஒங்க வீட்ல திங்கிறீகளா?" என்று கேட்பார் டீக்கடைக்காரர். அத்தா ஒரு காலி டீத்தூள் பெட்டி கொடுத்தார். பேரிக்காய்ப் பெட்டியில் வருகிற வைக்கோலை உள்ளே பரப்பினேன். சுல்தான் அதற்குள் போனது, சுற்றிப் பார்த்தது, தங்கிவிட்டது.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது. பகலிலேயே எதிர்க்கடை தெரியாத மஞ்சு. சுல்தான் பெட்டியை விட்டு வெளியே வந்து கூண்டின் தரையில் பந்து மாதிரி உப்பிக்கொண்டு கிடந்தது. கண் சொருகியது. மிளகாயை நீட்டினாலும் திரும்பவில்லை. முட்டை மட்டும் வரவில்லை.

"முட்டை உள்ளே நின்னுக்கிருச்சு போல" என்றாள் மருத்துவச்சி. "அடியில வெளக்கெண்ணெய் தடவு. சூடு காட்டு. அதுக்கு மேல அல்லா விட்ட வழி."

அக்காவின் அறையில் குளிருக்காக கரி போட்ட ஒரு குமுட்டி அடுப்பு இருந்தது. அக்கா அதைக் கூண்டுப் பக்கம் தள்ளி வைக்கச் சொன்னாள்.

"ஒனக்கு வச்சதுடி அது" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா. அது நல்லபடியா போட்டுருச்சுன்னா எனக்கும் நல்லபடியா ஆயிரும். நான் அப்படித்தேன் நெனைச்சு வச்சிருக்கேன்."

"அப்படியெல்லாம் நெனைக்கக் கூடாது. தவ்பா சொல்லு, அல்லாகிட்ட மன்னிப்புக் கேளு."

அக்கா சிரித்துக்கொண்டே தவ்பா சொன்னாள். அம்மா அடுப்படிக்குப் போனதும் என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. "நீ பாத்துக்கடி. விட்டுறாத" என்றாள். எனக்குப் பெரிய மனுஷி ஆகிவிட்ட மாதிரி இருந்தது. சுல்தான் முட்டை போட்டுவிட்டால் அக்காவுக்கு ஒன்றும் ஆகாது. அது என் பொறுப்பு.

அக்காவுக்கு வலி எடுத்த அன்று வெள்ளனே மழை. பெண்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். என்னையும் கூண்டையும் குமுட்டியையும் கடைக்குத் தள்ளிவிட்டார்கள். நான் விளக்கெண்ணெயைத் தொட்டு வைத்து, கையை அடுப்பில் காட்டிக் காட்டிக் கூண்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். அத்தா சர்க்கரை கேட்டவருக்கு உப்பைப் பொட்டலம் கட்டினார். வந்தவரும் அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.

பீடி வாங்க வந்த லாரி டிரைவர் குனிந்து பார்த்தார். "என்ன பாப்பா, கிளிக்குச் சீக்கா?"

"வலி எடுத்துருக்கு" என்றேன்.

"சரிதேன்! இந்தக் கடையில எதுதேன் கெடைக்காது!" என்று அவர் சிரித்தார். அத்தா சிரிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் சுல்தான் மெல்ல எழுந்து, தள்ளாடிக்கொண்டு பெட்டிக்குள் போனது. உள்ளே முனகியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், வைக்கோலில் ஒரு முட்டை. பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். வெள்ளை வெளேரென்று. தொட்டேன், சுட்டது. கிளியும் உயிரோடு, கண்ணைத் திறந்துகொண்டு இருந்தது.

முட்டையை இரண்டு கையிலும் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். அறை வாசலில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரும் திட்டவும் இல்லை. அம்மா சுவரோரம் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தாள். மருத்துவச்சியின் வாயில் வெற்றிலை இல்லை. மூலையில் வெள்ளைத் துணியில் சின்னதாக ஏதோ சுற்றி வைத்திருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. என் கையில் முட்டை இருந்தது.

"அக்கா! சுல்தான் போட்டுருச்சு! நல்லபடியா போட்டுருச்சு!"

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள், மெல்லத் திரும்பினாள். என்னையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். முட்டையை அதில் வைத்தேன். விரல்களை மூடிக்கொண்டாள்.

"சூடா இருக்குடி" என்றாள்.

ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தாள். மருத்துவச்சி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வெளியே போனாள். "வெரசா கொண்டு போயி அதுகிட்டயே வையி. ஆறிறப் போகுது" என்று அக்கா திருப்பிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அத்தாவும் இன்னும் நாலைந்து பேரும் குடை பிடித்துக்கொண்டு மழையில் போனார்கள். பிள்ளை அல்லாவிடம் போய்விட்டது என்று எனக்குச் சொன்னார்கள். எங்கள் கடை முக்கில் தினம் யாராவது எங்கேயாவது போவதும் வருவதுமாக இருப்பார்கள். நான் அந்த மாதிரிதான் நினைத்துக்கொண்டேன்.

சுல்தான் இன்னும் இரண்டு மூன்று முட்டை போட்டுவிட்டு அடையில் உட்கார்ந்தது. "வெறும் முட்டை. எடுத்துப் போட்டுட்டு அதுக்கு எரை வைங்க" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா. அதுக்குத் தெரியாதுல்ல" என்றாள் அக்கா.

அவளும் பெட்டி பக்கத்திலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஊறவைத்த கடலையைத் தோல் உரித்துச் சுல்தானுக்குக் கொடுப்பாள். அவளுக்கு அம்மா சோறு கொண்டுவந்து கெஞ்சுவாள். தினமும் வத்தலக்குண்டு பஸ்ஸில் மல்லிகைப்பூ வந்தது. அம்மா அதைத் தலையில் வைக்காமல் அக்காவின் மார்பில் வைத்துத் துணியால் கட்டினாள். எனக்குக் கொஞ்சம் கொடு என்று நான் அழுதேன். பால் வற்றுவதற்கு அப்படிக் கட்டுவார்கள் என்று இப்போது தெரியும். அன்று, இத்தனை பூவையும் யாரும் பார்க்காத இடத்தில் வைத்து வீணாக்குகிறார்களே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

மச்சான் அக்காவைக் கூட்டிப் போக வந்தார்.

"சுல்தான் எந்திரிக்கட்டும். அப்புறம் வர்றேன்" என்றாள் அக்கா.

மச்சான் சரி என்றார். இரண்டு நாள் கடையில் அத்தாவுக்கு மூட்டை பிரித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். மறு வாரம் வந்தார். மறுபடியும் தனியாகவே போனார். தண்ணீர் எடுக்கிற இடத்தில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"புருசன்காரன் வந்து வந்து போறான், இவ கிளிக்குக் காவல் கெடக்கா."

எனக்குக் கோபம் வந்தது. "கிளியை விட்டுட்டு எப்படிப் போறது? அடையில இருக்குல்ல!" என்று அவர்களோடு சண்டை போட்டேன்.

மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் சுல்தான் தானாகப் பெட்டியை விட்டு வெளியே வந்தது. சிறகை உதறியது. தண்ணீர் குடித்தது. கம்பியில் ஏறி, மிளகாய் கேட்டுக் கத்தியது. முட்டைப் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பப் போய் உட்காருமா என்று மதியம்வரை பார்த்தாள். அது போகவில்லை.

அக்கா எழுந்தாள். முட்டைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கொல்லையில் பேரி மரத்தடிக்குப் போனாள். நானும் வருகிறேன் என்றேன். "நீ இரு" என்றாள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். திரும்பி வந்து கை கால் கழுவிவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "நாளைக்கு வெள்ளனே பஸ்ஸுக்குக் கெளம்புறேம்மா. ஒங்க மருமகனுக்கு ஆள்விட்டுச் சொல்லிருங்க."

கிளி எழுந்துவிட்டது, அதனால் அக்கா கிளம்பிவிட்டாள். எனக்கு அது அவ்வளவு லேசாக இருந்தது. எங்க அக்கா ஒரு கிளிக்காகப் புருஷனையே காக்க வைத்தவள் என்று பல வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு அக்காவுக்கு ஒரு பையனும் ஒரு பொண்ணும் பிறந்தார்கள். எப்போதோ ஒரு கல்யாண வீட்டில் யாரோ அவளிடம், "ஒனக்கு எத்தனை பிள்ளைகம்மா?" என்று கேட்டார்கள். "மூணு" என்றாள். பக்கத்தில் இருந்த நான், "மூணு எங்க இருக்கு? ரெண்டுதான அக்கா!" என்று எல்லோர் முன்னாலும் திருத்தினேன். அக்கா என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

இதைப் படிக்கிற எல்லோரும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, எங்கள் ஜமீலா அக்காவுக்காக ஒரு தடவை துஆ கேளுங்கள். அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.