கீழே விழுந்த க்ளே

இன்று காலை வண்டியைத் துடைக்கப் போனவன், பானெட்டில் கை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். சொரசொரவென்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நேற்று தன் கேட்டுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்திருக்கிறார். காற்று எங்கள் பக்கம். சேலையூரில் எங்கள் தெரு அகலத்துக்கு ஒரு கேட்டுக்கு அடித்தால் நாலு வண்டிக்கும் சேர்த்து அடித்த மாதிரிதான். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கையை ஒரு மெல்லிய பாலிதீன் கவருக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள், ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தட்டுப்படும். இந்த வித்தையை நான் சலீமைப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டேன். அவன் பெயரை எழுதும்போதே இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால், கேம்ப் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தகர ஷெட்டில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். கார்களுக்குப் பெயிண்ட், பாலிஷ். முதலாளி உள்ளூர்க்காரர். அவர் அப்பா காலத்தில் நெல் விளைந்த இடம் அது. எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். பெயிண்ட் கரைக்கிற தின்னர் டப்பாக்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியதால், இன்றைக்கும் எங்கேயாவது தின்னர் வாசனை வந்தால் எனக்குப் பசிக்கிறது. மனைவி இதை வெளியில் சொல்லாதீர்கள் என்கிறாள்.

நான் சேர்ந்து ஆறு மாதம் கழித்து வந்தவன் சலீம். என் வயதுதான். அவன் அப்பாவுக்கு மேற்குத் தாம்பரத்தில் துணிக்கடை இருந்தது. கல்லாவில் உட்காரப் பிடிக்காமல், கார் பிடிக்கும் என்பதற்காக வந்தான். நானோ வேறு எங்கும் வேலை கிடைக்காமல் வந்தவன். அந்த வேலை தேவையே இல்லாத ஒருவன் அதை நம்மைவிட நன்றாகச் செய்வதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்ப்பது இருக்கிறதே, அது பெரிய பேஜார்.

ஒருமுறை கல்லூரிப் பேராசிரியை ஒருவரின் கருநீலக் கார் வந்தது. பக்கத்துக் கட்டடத்தில் ஜன்னல் கம்பிக்கு அடித்த வெள்ளை பெயிண்ட் கார் முழுக்கத் தூறியிருந்தது. தின்னரைத் தொட்டால் காரின் பெயிண்டும் சேர்ந்து போய்விடும் என்று நான் காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசையைப் போட்டுத் தேய்த்தேன். காலையிலிருந்து மத்தியானம் வரை பானெட்டில் பாதிகூட ஆகவில்லை. சலீம் தன் பையிலிருந்து சாம்பல் நிறத்தில் களிமண் உருண்டை மாதிரி ஒன்றை எடுத்தான். க்ளே என்றான். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்தாராம். எனக்கு அப்படி ஒரு மாமா இல்லாததும் அன்றைக்குத்தான் உறைத்தது. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, அதைத் தட்டையாக்கி, அழுத்தாமல் முன்னும் பின்னும் இழுத்தான். முதலில் சர்ரென்று ஒரு சத்தம் வரும். புள்ளிகள் போனதும் சத்தம் நின்றுவிடும். இரண்டு மணி நேரத்தில் கார் மழையில் நனைந்த மாதிரி நின்றது. பேராசிரியை அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பாதி பானெட்டைத் தேய்த்தவன் பெயரை யார் கேட்கப் போகிறார்கள்?

அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாம் "சலீம் இருக்காரா?" என்றுதான் கேட்டார்கள். அவன் சட்டைக் கையை மடிப்பது போல நானும் என் சட்டையை மடித்துப் பார்த்தேன். அதனால் அவன் கைவேலை வந்துவிடுமா?

இந்த நிலையில் அண்ணா பள்ளிக்கரணையில் இன்னொரு கடை போடப் போவதாகவும், எங்களில் ஒருவரைப் பொறுப்பாக அனுப்பப் போவதாகவும் சொன்னார். எனக்கு அந்த இடம் வேண்டும். சாப்பாடு இறங்காத அளவுக்கு வேண்டும். அனுப்பப்போவது யாரை என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கறுப்பு கார் ஒன்று வந்தது, உடம்பெல்லாம் மஞ்சள் புள்ளி. சலீம் பாதி முடித்துவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினான். க்ளேயைக் கவரில் சுற்றி ஸ்டூலில் வைத்தான்.

"மச்சான், இத்த பாத்துக்கோ. கீழ உழுந்தா தூக்கிப் போட்டுடு, என்னா?"

க்ளே தரையில் விழுந்தால் மணல் உள்ளே புதைந்துவிடும். அதன் பிறகு அதை வைத்துத் தேய்ப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான். ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது. நான் அதைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தேன், அவன் பிசைகிற மாதிரி. நழுவி விழுந்தது. சத்தியமாகத் தானாகத்தான் விழுந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நான் செய்தது. எடுத்தேன், மேலே தெரிந்த மண்ணைக் கழுவினேன், கவரில் சுற்றி இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அவன் வந்து கதவில் ஒரே ஒரு இழுப்புதான் இழுத்தான். சத்தத்திலேயே கையை எடுத்துவிட்டான். கறுப்புக் கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு. க்ளேயைப் பிரித்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அண்ணா வந்துவிட்டார். "இன்னாடா இது?"

"எங் கைலேருந்து உழுந்துச்சுண்ணா. பாக்காம தேச்சுட்டேன்" என்றான் சலீம்.

அண்ணா ரொம்ப நேரம் கத்தினார். அடுத்த மாதம் பள்ளிக்கரணைக்கு என்னை அனுப்பினார். சலீம் என் தோளைத் தட்டி அனுப்பிவைத்தான். நன்றியும் வெட்கமும் வந்திருக்க வேண்டிய இடத்தில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? அந்தப் பொய்யை அவ்வளவு சுலபமாகச் சொல்ல அவனால் முடிகிறதே என்ற பொறாமைதான் வந்தது. கடையில் என் பெயர் போட்ட மேஜையில் உட்கார்ந்தும் அது போகவில்லை.

பிறகு அவன் மாமாவோடு துபாய் போய்விட்டான். ஷெட் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. பள்ளிக்கரணைக் கடையையும் நான் நாலே வருஷத்தில் மூடவைத்தேன்.

போன மாதம் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் சலீமைப் பார்த்தேன். தாடி நரைத்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தான். இத்தனை வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒருவழியாகச் சொன்னேன். கறுப்பு கார், வெள்ளிக்கிழமை, நான் கழுவி வைத்தது, எல்லாவற்றையும்.

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். நடிக்கிறானா என்று அவன் முகத்தையே பார்த்தேன். நடிக்கவில்லை.

"எந்த கார் மச்சான்? எவ்ளோ கார் தேச்சோம். ஒண்ணுமே ஞாபகத்துல இல்லியே."

மகள் கல்யாணத்துக்குக் கண்டிப்பாக வர வேண்டும் என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினான். ஷெட் போயிற்று, அண்ணா போய்ச் சேர்ந்துவிட்டார். அவனுக்குள்ளிருந்து அந்த வெள்ளிக்கிழமையும் போய்விட்டது. டீ ஆறும் வரை நான் அங்கேயே நின்றேன். அப்படி மறக்க முடிகிறவன்மேல் எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது.