ஜீப்பு ஆடிய இடம்

ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த என் அக்கா மயங்கி விழுந்தாள். "இன்னொரு தடவ விழுந்தா வேலைக்கு வராத" என்று கங்காணி சொல்லிவிட்டார். அவளுக்கு அந்த வேலையை விட்டால் வேறு பிழைப்பில்லை.

போடியில் இருதய மருத்துவர் அவள் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் சின்னக் கருவியை இடுப்பில் மாட்டினார். "எப்பவும் செய்ற சோலியச் செய்யுங்கம்மா" என்றார். அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். மறுநாள் விடியற்காலையிலேயே, ஆட்களைத் திணித்து ஏற்றும் தோட்டத்து ஜீப்பில் மலையேறிவிட்டாள்.

கருவியைக் கழற்றிப் பார்த்தால், காலைப் பதிவில் அபாயத் துடிப்பு என்று கணினி சிவப்பில் கத்துகிறது. மருத்துவருக்கே சந்தேகம். நான் கல்லூரியில் மருத்துவ மின்னணுவியல் நடத்துகிறவள் என்பதால், "நீங்களும் பாருங்க டீச்சர்" என்று கோப்பைக் கொடுத்தார். அக்கா அழுத அழுகை இருக்கிறதே!

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உருப்படியான கருவி ஒன்று கிடையாது. ஆனால் எந்தெந்த நாட்டிலோ பதிந்த இதயத் துடிப்புகளும், அவற்றைப் படிக்கும் மென்பொருளும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். துடிப்புக்கு உரியவரின் பெயர் இருக்காது. அவற்றுள், உடம்பு ஆடுவதால் துடிப்புக் கோட்டில் விழும் கிறுக்கலை, அதாவது இரைச்சலை, மட்டுமே வேலை மெனக்கெட்டுப் பதிந்து வைத்திருக்கிறார் ஒரு புண்ணியவான். என் மாணவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அதை அக்காவின் காலைப் பதிவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே கிறுக்கல்! நேரத்தைப் பார்த்தால், ஜீப்பு வளைவுகளில் ஏறிய நேரம்.

"அக்கா, ஒண்ணுமில்லக்கா! ஜீப்பு ஆடுனதுதான்!"

"அந்த டிரைவருக்கு இருக்கு நாளைக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அத்தோடு மூடியிருக்கலாம். எனக்குத்தான் எதையும் பாதியில் விடுகிற புத்தி கிடையாதே. இலவச மென்பொருளால் இரைச்சலை ஒதுக்கிவிட்டு, மீதி நாளையும் ஓட்டினேன். மதியம், அவள் அசையாமல் உட்கார்ந்து சோறு தின்ற நேரத்தில், கோடு படுத்துக் கிடந்தது. இதயம் சற்று நின்று, பிறகு ஓடியிருக்கிறது. கோப்பை எடுத்துக்கொண்டு போடிக்கு ஓடினேன்.

மருத்துவர் பார்த்த உடனே மதுரைக்கு அனுப்பினார். அங்கே பேஸ்மேக்கர் வைத்தார்கள். இப்போது மறுபடி மலைக்குப் போய் வருகிறாள். கங்காணியோடு சண்டையும் போடுகிறாள்.

மருத்துவரின் சம்மதம் வாங்கிக்கொண்டு அவளிடம் கேட்டேன். "ஒன் பதிவ பேரில்லாம இணையத்துல போடட்டுமாக்கா? அந்த ஜீப்பு எடத்த மட்டும் வெட்டிருவேன், அசிங்கமா இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அத ஏன்டி வெட்டுற? அதையும் சேத்துப் போடு. எந்த மலையிலயோ எவளாச்சும் ஒருத்தி ஜீப்புல போயிட்டு வந்து, என்னைய மாதிரி செத்துருவோம்னு அழுதுக்கிட்டு இருப்பா."