இடப்பக்கம் ஒன்றரை அங்குலம்

முதுமாணி ஆய்வேட்டை எழுத எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. எழுதியதை வேர்டில் ஒழுங்குபடுத்த இன்னும் மூன்று மாதம் எடுக்கும் என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இடப்பக்க ஓரம் ஒன்றரை அங்குலம், மற்றப் பக்கங்கள் ஓர் அங்குலம், முழுவதும் ஒரே எழுத்துரு என்று பல்கலைக்கழகம் தந்த அறிவுறுத்தல் தாளில் இருந்தது. உள்ளே என்ன எழுத வேண்டும் என்பதற்கு அரைப் பக்கம். ஓரங்களுக்கு இரண்டு பக்கம். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நான் தர்மபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. வாசிக்கத் திணறும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது என் ஆய்வு. முதல் மூன்று அத்தியாயங்களைக் கையால் எழுதி, புதுக்குடியிருப்பில் போட்டோக்கொப்பியும் தட்டச்சும் செய்கிற ஒரு சின்னக் கடையில் கொடுத்தேன். கடைக்காரி என்னைவிட ஒன்றிரண்டு வயது மூப்பு. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பாமினி எழுத்துருவில் அடிக்கிறவர். அதாவது கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, வெளியே தெரிவது தமிழ். மிச்ச இரண்டு அத்தியாயங்களையும் உசாத்துணைப் பட்டியலையும் நான் வீட்டில் யூனிகோடில் அடித்தேன். அது உள்ளும் புறமும் தமிழ். திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தன.

நான் அடித்த பகுதியின் இலட்சணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிய பக்கம் தொடங்க வேண்டுமென்றால், பழைய பக்கம் முடியும்வரை எண்டரைத் தட்டிக்கொண்டே போவேன். பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே வரும் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கையால் குத்தினேன். அது ஒரு பெரிய சாதனை என்று வேறு நினைத்திருந்தேன். இடப்பக்க ஓரத்தை ஒன்றரை அங்குலமாக்கியதும் முழு ஏடும் வரம்பு உடைத்த தண்ணீர் மாதிரிக் கீழே இறங்கிவிட்டது. நாலாம் அத்தியாயத்தின் தலைப்பு ஒரு பக்கத்தின் அடியில் தன்னந்தனியாக நின்றது.

இதற்கிடையில் நான் இரண்டு தரம் தவணை கேட்டு வாங்கியிருந்தேன். மூன்றாவதாகக் கேட்டபோது கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் ஏடு கைக்கு வராவிட்டால் பதிவு ரத்து. ரத்தென்றால் முதலாம் பாடத்திலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். நாற்பத்தொரு வயதில் அதற்கு எனக்குத் தெம்பில்லை. உண்மையில் பயந்துபோனேன்.

புதன்கிழமை பின்னேரம் எல்லாம் ஓரளவு சரிவந்தது. ஒரே எழுத்துரு என்ற விதி மட்டும் மிச்சம். முழு ஏட்டையும் ஒன்றாகத் தெரிவு செய்து என் எழுத்துருவுக்கு மாற்றினேன். அக்கா அடித்த மூன்று அத்தியாயங்களும் அரைப்புள்ளியும் காற்புள்ளியும் நிறைந்த ஆங்கிலக் கிறுக்கலாகிவிட்டன. பதறிப்போய் எல்லாவற்றையும் பாமினிக்கு மாற்றினேன். அந்த மூன்றும் திரும்பி வந்தன. ஆனால் உசாத்துணைப் பட்டியலில் இருந்த ஆங்கிலப் புத்தகம் அத்தனையும் தமிழெழுத்தில் உளறத் தொடங்கின. எஜுகேஷன் என்றிருந்த இடமெல்லாம் 'நுனரஉயவழைெ' என்று நின்றது. தலையிடி போய்த் திருகுவலி வந்த கதை. போதாக்குறைக்கு அதைச் சேமித்து மூடியும் விட்டேன்.

வயலால் வந்த என் கணவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன மந்திரமோ என்று கேட்டார். நான் அழுததைக் கண்டதும் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டார்.

வியாழன் காலை லீவு அறிவித்துவிட்டு முதல் பஸ்ஸில் புதுக்குடியிருப்புக்குப் போனேன். கடை திறக்க முன்னமே வாசலில் நின்றேன். அக்கா பென்ட்ரைவை வாங்கிச் செருகி, நாலைந்து பக்கங்களை உருட்டிப் பார்த்தார். அவருக்குப் பதற்றம் என்று ஒன்று கிடையாது.

"ஆர் ரீச்சர் உங்களை முழுசையும் ஒண்டாப் பிடிச்சு மாத்தச் சொன்னது?"

நான் அறிவுறுத்தல் தாளைக் காட்டினேன். அவர் அதை வாசிக்காமலே, மவுஸைத் தொடக் கூடாது என்று என்னைப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். முதலில் என் எண்டர்களைக் களைபிடுங்குவது போலப் பிடுங்கினார். என் புள்ளிகளையும் இரக்கமில்லாமல் அழித்தார். எனக்குக் கொஞ்சம் நெஞ்சு வலித்தது. பிறகு தான் அடித்த மூன்று அத்தியாயங்களையும் யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பக்கமாக ஒவ்வொரு வரியாகப் பார்த்து, உளறிய ஆங்கிலத்தைத் தேடித் திருத்தினார். அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்தவர்களைப் பின்னேரம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். மத்தியானம் இருவரும் ஒரு சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். ஐந்து மணிக்குப் பொருளடக்கம் தானாக வந்து நின்றது, எண்களும் புள்ளிகளும் ஒன்றும் பிசகாமல்.

வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் அச்செடுத்து, பைண்டிங் முடித்து, மூன்று இருபதுக்கு அலுவலகத்துக்குள் ஓடினேன். அங்கிருந்த எழுதுவினைஞர் மேசை லாச்சியிலிருந்து ஓர் அடிமட்டத்தை எடுத்தார். மூன்று பக்கங்களைத் திறந்து இடப்பக்க ஓரத்தை அளந்தார். தலையாட்டினார், முத்திரை குத்தினார். அவ்வளவுதான். வெளியே வந்து ஒரு ரோல்ஸும் குளிர்பானமும் வாங்கி, நின்றபடியே சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான ரோல்ஸை நான் அதற்கு முன்னர் தின்றதில்லை.

பஸ் நிலையத்திலிருந்து அக்காவுக்குப் போன் எடுத்து, ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றேன். அவருக்கும் சந்தோசம். நான் வைக்கப் போகும்போது, திருத்தும் சாட்டில் முழு ஏட்டையும் தான் வாசித்துவிட்டதாகச் சொன்னார்.

"அந்த ஏழாம் பிள்ளை, அம்மான்ர பேரை மட்டும் வாசிக்கிறவள். அவள் இப்ப வாசிக்கிறாளோ ரீச்சர்?"

பெயர் போடக் கூடாது என்பதால் ஏட்டில் பிள்ளைகளுக்கு எண்தான் கொடுத்திருந்தேன். ஏழாம் பிள்ளை அறுபத்துமூன்றாம் பக்கத்தில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய அட்டவணை எந்தப் பக்கத்தில் உடைந்தது, எப்படி ஒட்டினோம் என்பதும் தெரியும். இப்போது நாலாம் வகுப்பில் இருக்கிறாள். தினமும் தண்ணீர்க் குழாயடியில் காண்கிற பிள்ளை. அவளை நான் ஒரு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்டு எட்டு மாதமாகியிருந்தது. வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

"தெரியாதக்கா" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை.

"சரி, திங்கக்கிழமை கேட்டுச் சொல்லுங்கோ."