கூடத்தை அடைத்த கட்டில்

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு வரிசை வீட்டின் பின்தோட்டத்தில் அறை கட்டினோம். பின்பக்கம் வழியில்லாததால் மணலையும் சிமெண்டையும் வீட்டுக் கூடத்தின் வழியாகத்தான் வாளியில் சுமந்தோம். கூடத்தை அடைத்துக் கிடந்த கட்டிலில் வீட்டுக்காரர் எந்நேரமும் போர்த்திப் படுத்திருப்பார். மூன்றாம் நாள் கட்டிலில் முழங்கால் மறுபடி இடித்ததும் கத்திவிட்டேன்.

"அங்கிள், மேல் ரூம்ல போய்ப் படுங்க லா! நாங்க எப்படிப் போறது?"

அவர் போர்வையை விலக்கினார். வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது.

"படி ஏற முடியலன்னுதான் தம்பி, பின்னால ரூமே கட்டுறோம்," என்று சிரித்தார். "வாளி கனமா இருந்தா, இந்தக் கால் இல்லாத இடத்துல வெச்சு மூச்சு வாங்கிக்கங்க."

வேலை முடியும்வரை நான் அங்கே வாளியை வைக்கவில்லை. எத்தனையோ ஊர்களில் மண் சுமந்திருக்கிறேன். யாருக்காக என்று கேட்டதில்லை. இப்போதெல்லாம் முதல் வாளியைத் தூக்குமுன் கேட்டுவிடுகிறேன்.