மாரித்தாயின் சுண்ணாம்பு

மாரித்தாய்க்குப் பெயிண்ட் டப்பாவைக் கண்டால் ஆகாது. வண்ணார்பேட்டைப் புறவழிச்சாலை ஓரத்தில் கமான் பட்டைப் பட்டறை வைத்திருக்கும் அவள், தன் தகரக் கொட்டகைக்குள் ஒரு டப்பாவைக்கூட நுழையவிட்டதில்லை. வண்டியின் அடிப்பாகத்துக்குக் கறுப்பு அடிப்பவனைத் திருடனுக்கும் ஒரு படி கீழே வைத்திருந்தாள். திருடனுக்காவது தான் செய்வது இன்னதென்று தெரியும் என்பது அவள் எண்ணம்.

1969இல் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, 1988இல் இந்தப் பட்டறைக்கு வாக்கப்பட்டு வந்தாள். வந்த நாலாம் மாதமே புருஷன் அவள் கையில் ஏழு கிலோச் சம்மட்டியைக் கொடுத்தான். வண்டிக்கு அடியில் பாரம் தாங்கித் தாங்கி வளைவு போன எஃகுப் பட்டைகளை அடித்து வளைவு ஏற்றுவதுதான் தொழில். 2011இல் அவன் மாரடைப்பில் போனபின், பொம்பளை அடித்த பட்டை நிற்குமா என்று கேட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் பதினாலு பேர். அவர்களில் ஒன்பது பேர் இரண்டு வருஷத்துக்குள் திரும்பி வந்தார்கள். வந்தவர்களை அவள் மதிக்கவில்லை. வராதவர்களை நினைக்கவில்லை.

வராத ஐவரில் ஒருவனான ஹெப்ரான், 2024 ஜூன் 3, திங்கட்கிழமை காலை பத்தரைக்கு ஒரு வேனோடு வந்து நின்றான். எப்போதும் போகும் பட்டறைக்காரன் ஊரில் இல்லையாம். வேன் பதினெட்டு வருஷப் பழசு; முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வகை. பாபநாசத்துக்கு மேலே மலைக் குடியிருப்பிலிருந்து பதினொரு பிள்ளைகளை விக்கிரமசிங்கபுரத்துப் பள்ளிக்கு இறக்கி, மாலையில் திரும்ப ஏற்றிச் செல்லும் ஒப்பந்தம் அவனுடையது. ஓட்டுவது பாக்கியசீலன். வெள்ளிக்கிழமை வண்டிக்குத் தகுதிச் சோதனை, ஊர்ப் பேச்சில் எஃப்.சி. அதற்கடுத்த திங்கட்கிழமை பள்ளி திறப்பு.

"அக்கா, நாலு புஷ் மாத்தணும். அடியில கறுப்பு அடிக்கணும். பாக்கதுக்கு நல்லா இருந்தா போதும்," என்றான் ஹெப்ரான்.

"யாரு பாக்கதுக்கு? ரோட்டுல கெடக்க தவளை பாக்கதுக்கா?"

ஹெப்ரான் சிரித்தான். அவன் எப்போதும் வெள்ளைச் சட்டைதான். பையில் இரண்டு பேனா இருக்கும், இரண்டும் எழுதாது.

மாரித்தாய் ஓட்டுநர் பக்கம் திரும்பினாள். "சீலா, ஓட்டையில சத்தம் கேக்குதா?"

பாக்கியசீலன் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். "வலது பக்கம் திரும்பையில லேசா ஒரு டக்கு..."

"ரோடு சரியில்ல," என்றான் ஹெப்ரான்.

"ஆமாக்கா, ரோடு சரியில்ல," என்றான் பாக்கியசீலன்.

மறுநாள் தேர்தல் முடிவு. தெருவில் உள்ள ஆண்கள் எல்லாம் டி.வி. முன்னால் உட்கார்ந்து ஊரைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். மாரித்தாய் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சுரண்டினாள். முதலில் மலைச் சேறு வந்தது. அப்புறம் பெயிண்ட், அதற்கடியில் பெயிண்ட், மறுபடி பெயிண்ட். எஃப்.சி.க்கு ஒன்றாக மொத்தம் ஏழு அடுக்கு. துருவும் அடைக்கலம் கேட்டு உள்ளேயே குடியிருந்தது. நாலாவது அடுக்கோடு கழிவு ஆயிலையும் பீய்ச்சியிருந்தார்கள்; பட்டையின் கண் துளைகளில் செருகியிருந்த ரப்பர் புஷ்கள் ஊறிப் பழைய தோசை மாதிரி பிய்ந்து வந்தன.

பின்பக்க இடது பட்டைக் கட்டைக் கழற்றி, பட்டை பட்டையாகப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தாள். துடைத்ததன் மேல் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவைத்தாள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் பையக் கசிந்து வெள்ளையில் கோடு போடும். முதல் பட்டையில், மாட்டும் கண்ணிலிருந்து ஆறு சென்டிமீட்டர் தள்ளி, இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரு மஞ்சள் கோடு வந்தது. ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்தை எட்ட ஒரு விரலகலம்தான் பாக்கி.

புதன்கிழமை ஹெப்ரானிடம் காட்டினாள்.

"கோடுதானேக்கா."

"ஆமா, கோடுதான். அது விட்டா மலை வளைவுல பின் அச்சு தனியா போவும், வண்டி தனியா போவும். பதினொரு பிள்ளைய எதோட போவணும்னு நீ சொல்லு."

"புதுப் பட்டை எப்ப வரும்?"

"மதுரையிலருந்து சனிக்கிழம."

"எஃப்.சி. வெள்ளிக்கிழமல்லா. இத மாட்டி மேல கறுப்பு அடிச்சிரு. யாருக்கு தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அந்தா நிக்கானே ஊமை, அவனுக்கும் தெரியும். இத எங்கையால கோத்துத் தரமாட்டேன்."

பாக்கியசீலன் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஹெப்ரான் கூப்பிட, எதிர்ப் பட்டறையிலிருந்து இரண்டு பேர் வந்து பட்டையைக் கோத்து மாட்டினார்கள். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே புஷ் போல்ட்டுகளை முறுக்கினார்கள். அப்படி முறுக்கினால் வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் திருகிக்கொள்ளும். மாரித்தாய் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாள். அவர்களுக்குச் சொல்லி வாயைத் தேய்ப்பானேன் என்று இருந்துவிட்டாள். சாயங்காலம் தெரு ஓரத்தில் வைத்து எட்டாவது அடுக்குக் கறுப்பும் ஏறியது.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு வேன் அவள் பட்டறை வாசலில் வந்து நின்றது. ஹெப்ரான் காட்டிவிட்டுப் போகத்தான் வந்திருந்தான்.

"பாஸ் ஆயிட்டுக்கா. டார்ச் அடிச்சுல்லா பாத்தாங்க. கண்ணாடி மாரி இருக்குன்னாங்க."

மாரித்தாய் குனிந்து இடது பின் சக்கரத்துக்கு மேலே பார்த்தாள். சோதனை நடந்த இடத்திலிருந்து இங்கே ஏழு கிலோமீட்டர், ஐந்து வேகத்தடை. கண்ணிலிருந்து ஆறு சென்டிமீட்டரில் புதுக் கறுப்பு குறுக்கே வெடித்திருந்தது. நகம் நுழையும் அகலம்.

"சீலா, இங்கன வா. பையக் குனிஞ்சு பாரு."

பாக்கியசீலன் குனிந்தான். வெடிப்பில் நகத்தை நுழைத்துப் பார்த்தான். எழுந்ததும் சாவியை எடுத்து ஹெப்ரான் கையில் வைத்தான்.

"அண்ணாச்சி, திங்கக்கிழம நீங்களே ஓட்டுங்க."

"என்னலே சொல்லுத?"

"அந்தச் சத்தம் ரோட்டுலருந்து வரல. ஒரு வருஷமா வண்டியிலருந்துதான் வருது."

அந்த மலைப்பாதையில் ஹெப்ரான் ஒரு நாளும் வண்டி ஓட்டியதில்லை. சாவியைப் பார்த்தான், வெடிப்பைப் பார்த்தான், கடைசியில் மாரித்தாயைப் பார்த்தான்.

"என்னைய எதுக்குப் பாக்க? பொம்பள அடிச்ச பட்டை நிக்காதுன்னு சொன்ன ஆளுல்லா நீ."

"அது அன்னைக்கு ஏதோ..."

"வண்டிய உள்ள விடு. நீ வெளியே நில்லு." பிறகு ஓட்டுநரைப் பார்த்தாள். "ஒரு வருஷமா வாயில என்ன, கொழுக்கட்டையா?"

சனிக்கிழமை பட்டை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்டினாள். வண்டியைத் தரையில் இறக்கி, பதினொரு பிள்ளைகளின் எடைக்கு ஈடாக ஏழு மணல் மூட்டையை உள்ளே ஏற்றி, பட்டை அந்தப் பாரத்தில் படிந்து நின்ற பிறகே போல்ட்டுகளை முறுக்கினாள்.

பழைய பட்டையை வைஸில் பிடித்து சம்மட்டியால் ஒரு அடி போட்டாள். இரண்டாவது அடிக்கு வேலை இல்லை. முறிந்த முகத்தில் முக்கால் பங்கு பழைய விரிசலின் கறுப்பு. கால் பங்குதான் இப்போது முறிந்த எஃகின் புது வெள்ளை. பிள்ளைகள் இவ்வளவு நாளும் ஏறி இறங்கியது அந்தக் கால் பங்கின் மேல்.

மாலையில் வந்த ஹெப்ரான் கீழே எட்டிப் பார்த்தான். "இது ஒண்ணு மட்டும் தனியா தெரியுதேக்கா. லேசா ஒரு கறுப்பு..."

மாரித்தாய் முறிந்த துண்டை அவன் கையில் வைத்தாள்.

"இத என்ன செய்ய?"

"பையில போட்டுக்க, அந்தப் பேனாவளோட."

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவள் போன் அடித்தது. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"அக்கா, மலை எறங்கியாச்சு. எந்த வளைவுலயும் சத்தம் இல்ல," என்றான் பாக்கியசீலன்.

"இருந்த சத்தத்தச் சொல்ல ஒரு வருஷம். இல்லாத சத்தத்துக்குக் காலங்காத்தால போனு," என்று வைத்துவிட்டு, அடுத்த வண்டிக்குச் சுண்ணாம்பு கரைக்க உட்கார்ந்தாள்.