சனிக்கிழமை ரிப்பேர் மேசை

எங்கள் சபையில் அவரை எல்லோரும் 'ஸ்விட்ச் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். வாரநாட்களில் ஒரு மருத்துவமனையில் எலெக்ட்ரீஷியன். ஞாயிறன்று ஆலயத்தில் மைக், ஸ்பீக்கர், ஃபேன் எல்லாம் அவர் பொறுப்பு. ஆராதனை முடிந்து நாங்கள் வாசலில் கூடிக் கதையளக்கும்போது, அவர் உள்ளே வயர் சுருட்டிக்கொண்டிருப்பார். கேட்டால் பதில் வரும். கேட்காவிட்டால் அதுவும் வராது. "கல்யாணமாகி ஆறு மாசம் கழிச்சுத்தான் இவரு குரலையே கேட்டேன்" என்பார் அவர் மனைவி, எங்கள் தையல் அக்கா.

அப்படிப்பட்டவரைப் புதியவர்களை வரவேற்கும் குழுவில் பாஸ்டர் சேர்த்தபோது, அதன் செயலாளரான எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதல் கூட்டத்துக்கு நான் திட்டத்தோடு போயிருந்தேன். புதிதாக வருகிறவர்களை மேடைக்கு அழைப்பது, பூங்கொத்து கொடுப்பது, தங்களைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்வது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஸ்விட்ச் அண்ணன் மட்டும் பள்ளிப்பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

"மேடையில ஏத்துனா நான் மறுவாரம் வரமாட்டேன்."

"உங்களை யாருண்ணே ஏத்தப்போறா?"

"அவங்கள்லயும் என்னை மாதிரி ஆளுங்க இருப்பாங்கல்ல? போன வருஷம் பதினோரு குடும்பம் வந்துச்சு. இப்ப நாலுதான் இருக்கு."

"எப்படிண்ணே இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"புதுசா வர்றவங்க கடைசி வரிசையிலதான் உட்காருவாங்க. நான் சவுண்ட் பாக்குறதும் அங்கேருந்துதானே."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பதினோரு குடும்பத்தில் இரண்டு பேரின் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. ஆனாலும் வீம்பு விடவில்லை. "அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "வீட்ல ஓடாதது, கிழிஞ்சது எதையாவது எடுத்துட்டு வரச் சொல்லுங்க. சேர்ந்து உட்கார்ந்து சரிபண்ணலாம். கையில வேலை இருந்தா பேச்சு தானா வரும்."

அடுத்த சனிக்கிழமை காலை, ஆலயத்துப் பின்கூடத்தில் இரண்டு மேசை போட்டோம். ஒன்றில் அவர், இன்னொன்றில் தையல் அக்கா. பதினோரு மணிவரை வந்ததெல்லாம் பழைய ஆட்கள்தான். ஓசியில் வேலை முடியும் என்று வீட்டுப் பரணையே காலி செய்து கொண்டுவந்திருந்தார்கள். 'சொதப்பிட்டோம்' என்று நினைக்கும்போது, மூன்று வாரமாகக் கடைசி வரிசையில் உட்காரும் நர்ஸ் உள்ளே வந்தார். பின்னால் அவர் கணவர், ஒரு டேபிள் ஃபேனைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு.

ஸ்விட்ச் அண்ணன் அந்த மனிதரைப் பக்கத்தில் உட்காரவைத்து, திருகாணிகளைப் பிடிக்கச் சொன்னார். ஃபேனை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். "எந்த ஊர்ல வேலை பாத்தீங்க?" என்று கேட்டது அவர்தான்! என் காதையே நம்ப முடியவில்லை. அதற்குள் நர்ஸ் அந்தப் பக்கம் தையல் அக்காவோடு ஒரு பள்ளிச் சீருடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தார். ஃபேன் சுற்ற முக்கால் மணி நேரமானது. அவர்கள் போகும்போது அண்ணனிடமும் அக்காவிடமும் அவர்களுடைய போன் நம்பர் இருந்தது.

"ஃபேன்ல என்னண்ணே கோளாறு?" என்றேன்.

"பிளக்குக்குள்ள வயர் கழண்டிருந்துச்சு."

"அதுக்கா முக்கால் மணி நேரம்?"

"உடனே சரிபண்ணிக் கொடுத்திருந்தா, உடனே போயிருப்பாங்களே."

பூங்கொத்துத் திட்டத்தை அன்றைக்கே கிழித்துப்போட்டேன்.

இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை ரிப்பேர் மேசை நடக்கிறது. அதன் பிறகு வந்த எட்டுக் குடும்பத்தில் ஏழு எங்களோடு இருக்கிறது. எட்டாவது குடும்பம் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டது, போகும்போது சொல்லிக்கொண்டு போனது. நர்ஸின் கணவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டோம். முதல் கூட்டத்திலேயே அவர், "பிள்ளைங்க சும்மா சுத்திச்சுத்தி வருதுங்க. பொம்மைக்குன்னு ஒரு மேசை போட்டா நான் பாத்துக்குறேன்" என்றார். ஸ்விட்ச் அண்ணன் எழுந்துபோய், மூலையில் மடித்துவைத்திருந்த சின்ன மேசையை அப்போதே விரித்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.